டிஎக்ஸைத் தூக்கி அந்தப் பக்கம் போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். டிஒய்/டிஎக்ஸ் (dy/dx, அதாவது எக்ஸைப் பொறுத்து ஒய் மாறும் வீதமான வகைக்கெழு) என்பது பின்னம் அல்ல, பிரிக்கக் கூடாத ஒரே குறியீடு என்று பள்ளியில் அடித்துச் சொன்னார்கள். வகைக்கெழுச் சமன்பாடு வந்ததும் அதே ஆசிரியர் ‘டிஎக்ஸை அந்தப் பக்கம் கொண்டுபோ, இரண்டு பக்கமும் தொகை காண்’ என்கிறார், இது கணக்கா கண்கட்டு வித்தையா என்பது முதலாவது. இரண்டாவது ஒரு புலம்பல். மாதிரித் தேர்வில் டிஒய்/டிஎக்ஸ் = ஒய்² என்ற கணக்குக்கு ஒய் = 1/(சி − எக்ஸ்) என்று சரியாக எழுதியும் இரண்டு மதிப்பெண் போய்விட்டது, சிவப்பு மையில் ‘ஒய் = 0 எங்கே?’ என்று மட்டும் எழுதியிருந்தது, இது அநியாயம் இல்லையா என்கிறீர்கள்.

முதலாவதுதான் பெரிய சிக்கல், இரண்டாவது ஒரு கறார் ஆசிரியரின் குணம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டது கேள்வியின் தொனியிலேயே தெரிகிறது. இருபது வருடத்துக்கு மேல் கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்தி, கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: விஷயம் தலைகீழ். டிஎக்ஸைத் தூக்கிப் போடுவதால் யாருடைய கணக்கும் தப்பாகி நான் பார்த்ததில்லை. தப்பு நடப்பதெல்லாம் அதற்கு அரை வரி முன்னால், ஒய் உள்ள கோவையால் சத்தமில்லாமல் வகுக்கிறோமே, அங்கே. உங்கள் சிவப்பு மை ஆசிரியர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

முதல் கேள்விக்கான விடை சின்னது, இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. சமன்பாடு டிஒய்/டிஎக்ஸ் = எஃப்(எக்ஸ்) × ஜி(ஒய்) என்று இருக்கட்டும். எஃப் எக்ஸை மட்டும் சார்ந்தது, ஜி ஒய்யை மட்டும். டிஎக்ஸைத் தொடவே வேண்டாம். இரண்டு பக்கத்தையும் ஜி(ஒய்)யால் வகுங்கள். இடப்பக்கம் 1/ஜி(ஒய்) × டிஒய்/டிஎக்ஸ் என்று நிற்கும். 1/ஜி-க்குத் தொகை கண்டு வருவதை எச் என்று வைத்துக்கொண்டால், சங்கிலி விதிப்படி இந்த இடப்பக்கம் வேறொன்றுமில்லை, எச்(ஒய்)யை எக்ஸைப் பொறுத்து வகையிட்டால் வருவதுதான். வலப்பக்கம் எஃப்(எக்ஸ்), அதாவது எஃபின் தொகையை வகையிட்டால் வருவது. ஓர் இடைவெளி முழுக்க இரண்டு சார்புகளுக்கு வகைக்கெழு ஒன்றாக இருந்தால் அவை ஒரு மாறிலி அளவுக்கு மட்டுமே வேறுபட முடியும் என்பது நீங்கள் படித்த லெக்ராஞ்சி தேற்றத்திலிருந்து வருகிறது. ஆகவே எச்(ஒய்) = எஃபின் தொகை + சி. முடிந்தது. டிஎக்ஸை அந்தப் பக்கம் தூக்கிப்போட்டு ஆளுக்கொரு தொகைக் குறி போடுவது இந்த நான்கு வரியையும் ஒரே வரியில் எழுதும் சுருக்கெழுத்து. பிரதியிடல் முறையில் தொகை காணும்போது டியூ = 2எக்ஸ் டிஎக்ஸ் என்று கூச்சமில்லாமல் எழுதுகிறீர்களே, அதே சுருக்கெழுத்துதான். அங்கே வராத சந்தேகம் இங்கே வந்ததே நல்ல விஷயம்.

இந்தச் சுருக்கெழுத்துக்கு ஒரு பூர்வீகமும் உண்டு. இந்தக் குறியீட்டை உருவாக்கிய லைப்னிட்சுக்கு டிஒய், டிஎக்ஸ் இரண்டும் தனித்தனி அளவுகள், மிக மிகச் சிறியவை. வகுக்கலாம், பெருக்கலாம், இடம் மாற்றலாம். அவர் 1687இல் ஒரு புதிர் போட்டார்: ஒரு பொருள் எந்த வளைகோட்டின் மேல் சறுக்கினால், சம நேரத்தில் சம உயரம் இறங்கும்? யாகோப் பெர்னூலி 1690இல் விடை சொன்னார். ஒரு பக்கம் டிஒய், மறுபக்கம் டிஎக்ஸ் என்று பிரித்து எழுதி, இவை சமம் என்றால் இவற்றின் தொகைகளும் சமம் என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார். தொகையைக் குறிக்கும் ‘இன்டகிரல்’ என்ற சொல் அச்சில் முதன்முதலாக வந்ததும் அந்தக் கட்டுரையில்தான். 1691இல் லைப்னிட்ஸ் டச்சு அறிஞர் ஹைகென்சுக்கு எழுதிய கடிதத்தில் இந்த வழி இருக்கிறது. 1694இல் யாகோபின் தம்பி யோஹான் இதைத் தனி முறையாக விளக்கி, மாறிகளைப் பிரித்தல் என்ற பெயரையும் வழங்கினார். பின்னம் அல்ல என்ற கண்டிப்பு வெகு பின்னால் வந்தது. மிகச் சிறிய அளவு என்றால் பூச்சியமா இல்லையா என்று பிஷப் பெர்க்லி 1734இல் கிண்டலடித்தார். அதற்குச் சரியான பதில் கிடைக்க நூறு வருடம் போல ஆனது. கோஷி 1820களில் எல்லை என்ற கருத்தை அடித்தளமாக்கினார், பின்னால் வந்தவர்கள் அதை இறுக்கினார்கள், டிஒய்/டிஎக்ஸ் ஒரு எல்லையின் பெயராகிவிட்டது. உங்கள் பள்ளி ஆசிரியர் சொன்னது இந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கறார். கணக்குப் போட்டது பதினேழாம் நூற்றாண்டுக் கை. நடுவில் நின்று சமாதானம் செய்துவைப்பது சங்கிலி விதி.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதில்தான் சரக்கு இருக்கிறது.

மேலே ‘ஜி(ஒய்)யால் வகுங்கள்’ என்று போகிற போக்கில் சொன்னேன். ஜி(ஒய்) பூச்சியமாகிற இடத்தில் அந்த வரி செல்லாது. ஆனால் அங்கேதான் ஒரு தீர்வு உட்கார்ந்திருக்கிறது. ஒய்யின் ஏதோ ஒரு மதிப்புக்கு ஜி பூச்சியம் என்றால், ஒய்யை அந்த மதிப்பிலேயே நிறுத்திவிடுங்கள். மாறாத ஒன்றின் வகைக்கெழு பூச்சியம், வலப்பக்கமும் பூச்சியம், சமன்பாடு நிறைவேறிவிட்டது. வகுத்த நொடியிலேயே இந்தத் தீர்வைத் தொலைத்துவிடுகிறோம். உங்கள் ஒய்² கணக்கில் தொலைந்தது ஒய் = 0. சி-க்கு என்ன எண் போட்டாலும் 1/(சி − எக்ஸ்) பூச்சியமாகாது என்பதால் அது தானாகத் திரும்பி வரவும் வழியில்லை. ஆரம்ப நிபந்தனையாக ‘எக்ஸ் = 0 எனும்போது ஒய் = 0’ என்று கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? விடைத்தாளில் இதைப் பார்த்திருக்கிறேன்: 0 = 1/சி என்று எழுதி, கொஞ்ச நேரம் திகைத்து, ‘தீர்வு இல்லை’ என்று முடித்திருப்பார்கள். தீர்வு கண்ணெதிரே இருக்கிறது.

சில கணக்குகளில் தொலைந்தது கொல்லைப்புற வழியாக உள்ளே வந்துவிடும், நமக்கே தெரியாது. டிஒய்/டிஎக்ஸ் = எக்ஸ் ஒய் எடுத்துக்கொள்ளுங்கள். டிஒய்/ஒய் = எக்ஸ் டிஎக்ஸ். தொகை கண்டால் லாக் |ஒய்| = எக்ஸ்²/2 + சி. மட்டுக் குறியை எடுத்தால் ஒய் என்பது ஏ பெருக்கல் அடுக்குக்குறிச் சார்பு. இந்த ஏ எங்கிருந்து வந்தது? சி-யின் அடுக்குக்குறி மதிப்பு, முன்னால் கூட்டல் அல்லது கழித்தல் குறி. அது பூச்சியமாக முடியாது. ஆனால் எல்லாரும் ‘ஏ ஏதேனும் ஒரு மாறிலி’ என்று எழுதிவிட்டுப் போகிறோம், பூச்சியமும் அதில் அடங்கிவிடுகிறது, ஒய் = 0 தப்பித்துக்கொள்கிறது. விடை சரி, வழியில் ஓர் ஓட்டை. ‘ஒய் = 0உம் தீர்வாவதால் ஏ = 0 என்பதையும் சேர்த்துக்கொள்கிறோம்’ என்று ஒரு வாக்கியம் எழுதினால் அந்த ஓட்டை அடைபடும்.

இதைவிட வேடிக்கையானது, மாறிலியை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துத் தொலைகிற தீர்வு மாறுவது. பெல்ஜியக் கணிதர் வெர்ஹல்ஸ்ட் 1838இல் மக்கள்தொகைப் பெருக்கத்துக்காக ஒரு சமன்பாடு எழுதினார். அலகுகளைச் சுருக்கினால் அது டிஒய்/டிஎக்ஸ் = ஒய்(1 − ஒய்). ஒய் = 0 என்றால் ஊரில் ஆளே இல்லை; ஒய் = 1 என்றால் நிலம் தாங்கும் அளவுக்கு ஊர் நிரம்பிவிட்டது. இரண்டுமே தீர்வுகள், வகுக்கும்போது இரண்டும் போய்விடும். பகுதிப் பின்னமாக்கித் தொகை கண்டால் ஒய்/(1 − ஒய்) = ஏ × (எக்ஸின் அடுக்குக்குறி) என்று வரும். இங்கே ஏ = 0 என்று அனுமதித்தால் ஒய் = 0 கிடைத்துவிடும், ஒய் = 1 எந்த ஏ-க்கும் கிடைக்காது. பக்கத்து பெஞ்சு மாணவர் அதையே தலைகீழாக்கி ஒய் = 1/(1 + பி × (−எக்ஸின் அடுக்குக்குறி)) என்று எழுதியிருப்பார். அவருக்கு பி = 0 போட்டால் ஒய் = 1 கிடைக்கும், ஒய் = 0 கிடைக்காது. ஒரே கணக்கு, இரண்டு பேர் விடையும் சரி, தொலைத்தது மட்டும் வேறு வேறு. ‘பொதுத்தீர்வு’ என்ற சொல்லை அப்படியே நம்ப வேண்டாம் என்று நான் வகுப்பில் சொல்வதற்குக் காரணம் இதுதான். மாறிலி உள்ள தீர்வு என்பதுதான் அதன் பொருள்; எல்லாத் தீர்வும் அதற்குள் அடக்கம் என்று அந்தப் பெயர் உத்தரவாதம் தருவதில்லை.

தொலைந்த தீர்வு வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்காக வருடா வருடம் நான் ஒரு பாட்டிலை வகுப்புக்கு எடுத்துப் போவேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், பக்கச் சுவர் நேராக உள்ளதாகப் பார்த்து. அடியை ஒட்டிப் பக்கவாட்டில் அரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துளை. துளையிலிருந்து 1, 4, 9, 16 சென்டிமீட்டர் உயரங்களில் மார்க்கரால் கோடு. துளையை விரலால் அடைத்து 16 வரை தண்ணீர் ஊற்றி, மூடியைக் கழற்றியே வைத்திருக்க வேண்டும். மூடினால் காற்று உள்ளே போகாது, தண்ணீர் திக்கித் திக்கி வந்து சோதனையையே கெடுக்கும். விரலை எடுத்ததும் ஒருவர் கைபேசியில் நேரம் பார்க்கிறார், கோட்டைத் தாண்டும்போதெல்லாம் வகுப்பே கை தட்டுகிறது. டாரிசெல்லி 1644இல் சொன்ன விதிப்படி தண்ணீர் பீய்ச்சும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதம். அப்படியென்றால் உயரம் குறையும் வேகம் = கே × √உயரம். பிரித்தால் டி(உயரம்)/√உயரம் = −கே டி(நேரம்). தொகை கண்டால் 2√உயரம் என்பது நேரத்தோடு ஒரே சீராகக் குறைகிறது. 16, 9, 4, 1 ஆகியவற்றின் வர்க்கமூலம் 4, 3, 2, 1. ஆகவே கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் 7, 5, 3 என்று சுருங்கிக்கொண்டே போனாலும் கைதட்டல்கள் சம இடைவெளியில் விழ வேண்டும். என் பாட்டிலில் அது 20 வினாடிக்குப் பக்கத்தில் வரும். கே-யின் மதிப்பைக் கணிதம் தராது, துளையும் பாட்டிலும்தான் தரும். கடிகாரத்தில் முதல் 20 வினாடியைப் பார்த்தபின்தான் எனக்கே அது தெரியும். ஆனால் ஒருமுறை தெரிந்துவிட்டால் √உயரம் = 4 − நேரம்/20 என்று பலகையில் எழுதி, அடுத்த கைதட்டல் எப்போது என்று முன்கூட்டியே சொல்லலாம். மொத்தம் 80 வினாடி. பாதி நேரமான 40ஆவது வினாடியில் தண்ணீர் 4 சென்டிமீட்டருக்கு வந்திருக்கும், அதாவது முக்கால் பாட்டில் காலி. பாதி நேரத்தில் பாதி போகும் என்று பந்தயம் கட்டியவர்கள் எல்லாரும் தோற்பார்கள்.

ஒரு வருடம் ஒரு மாணவி இந்தச் சூத்திரத்தை வர்க்கப்படுத்தி, உயரம் = (4 − நேரம்/20)² என்று எழுதி, கணினியில் வரைபடம் போட்டுக் காட்டினாள். ‘சார், தண்ணி திரும்ப ஏறுது.’ வகுப்பு சிரித்தது. 100ஆவது வினாடியை அதில் போட்டுப் பாருங்கள்: 4 − 5 = −1, வர்க்கம் 1. காலியான பாட்டிலில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர். அந்த வருடம் கேட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி அதுதான். எங்கே பிசகு? √உயரம் எதிர்மறையாக முடியாது என்பதை வர்க்கப்படுத்தியபோது மறந்துவிட்டோம். 80ஆவது வினாடிக்கு அப்பால் அந்தச் சூத்திரம் சமன்பாட்டின் தீர்வே அல்ல. வகையிட்டுப் பார்த்தால் குறி மாறியிருக்கும். உண்மையான பாட்டிலில் 80ஆவது வினாடிக்குப் பிறகு நடப்பது உயரம் = 0 என்ற மாறாத தீர்வு, அதாவது √உயரத்தால் வகுத்தபோது நாம் தொலைத்தோமே, அதே ஆள். வளைகோடு கீழே வந்து அவர் மேல் ஒட்டிக்கொள்கிறது. அவரைக் கணக்கில் சேர்க்காதவருக்குப் பாட்டில் தானாக நிரம்பும்.

பின்னோக்கிப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். மேசை மேல் ஒரு காலி பாட்டில் இருக்கிறது. அது எப்போது காலியானது என்று உங்களால் சொல்ல முடியுமா? பத்து நிமிடம் முன்பாகவும் இருக்கலாம், நேற்றாகவும் இருக்கலாம். உயரம் பூச்சியம் என்ற ஒரே நிலையில் போய்ச் சேரும் வரலாறுகள் எண்ணற்றவை. ஒரு புள்ளி வழியாக ஒரே ஒரு தீர்வுதான் போகும் என்று நீங்கள் படிக்கப்போகும் தேற்றம், பிக்கார் 1890இல் தந்தது, இங்கே கைகொடுக்காது. அதற்கு வேண்டிய லிப்ஷிட்ஸ் நிபந்தனையை (ஏறக்குறைய, வலப்பக்கச் சார்பின் சாய்வு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது) வர்க்கமூலச் சார்பு பூச்சியத்தில் நிறைவேற்றுவதில்லை, அந்தச் சார்பின் வரைபடம் அங்கே செங்குத்தாக எழுகிறது.

அப்படியானால் உங்கள் ஒய்² கணக்கிலும் வளைகோடு ஒய் = 0 மேல் போய் ஒட்டுமா? ஒட்டாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நேர்த்தியான வழி இருக்கிறது, பாடப்புத்தகங்கள் ஏனோ அவ்வளவாகச் சொல்வதில்லை. மாறிகளைப் பிரித்தபோது 1/ஜி-க்குத் தொகை கண்டீர்கள் அல்லவா? அந்தத் தொகையை ஜி பூச்சியமாகும் புள்ளி வரை இழுத்துப் பாருங்கள். விடை முடிவுள்ள எண்ணாக வந்தால், வளைகோடு முடிவுள்ள நேரத்தில் அந்த மாறாத தீர்வைத் தொட்டுவிடும். முடிவிலிக்குப் போனால் நெருங்கிக்கொண்டே இருக்கும், தொடாது. 1/√உயரத்தின் தொகை 2√உயரம். பூச்சியம் வரை இழுத்தாலும் முடிவுள்ளது, பாட்டில் 80 வினாடியில் காலி. 1/ஒய்யின் தொகை லாக் ஒய். பூச்சியத்தில் முடிவிலிக்கு ஓடுகிறது. டீக்கும் அறைக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை ஒய் என்று கொண்டால், அதனால்தான் நியூட்டனின் குளிர்தல் விதிப்படி டீ அறை வெப்பத்தை நெருங்கும், ஆனால் சூத்திரத்தின்படி ஒருநாளும் எட்டாது. 1/ஒய்²இன் தொகை −1/ஒய், அதுவும் முடிவிலிக்கு ஓடுகிறது, ஆகவே உங்கள் வளைகோடுகள் ஒய் = 0ஐத் தொடுவதில்லை. இந்தச் சோதனை ஆஸ்குட் என்ற அமெரிக்கக் கணிதரின் பெயரால் வழங்குகிறது. ஜி தொடர்ச்சியானது, அந்தப் புள்ளியைச் சுற்றி வேறெங்கும் பூச்சியமாகாதது என்றால் இதை நம்பிப் பயன்படுத்தலாம்.

ஒய்² கணக்கில் உங்கள் ஆசிரியர் கவனிக்காமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. எக்ஸ் = 0 எனும்போது ஒய் = 1 என்றால் ஒய் = 1/(1 − எக்ஸ்). இது எங்கே செல்லும் என்று கேட்டால் பெரும்பாலோர் ‘எக்ஸ் = 1 தவிர எல்லா இடத்திலும்’ என்பார்கள். சார்பாக அது சரி. இந்த நிபந்தனைக்கான தீர்வாக அது எக்ஸ் 1-க்குக் கீழே இருக்கும் வரைதான். வகைக்கெழுச் சமன்பாட்டின் தீர்வு ஒரே இடைவெளியில் அறுபடாமல் ஓட வேண்டும். 1-இல் ஒய் முடிவிலிக்குப் போய்விட்டது. அதற்கு அந்தப் பக்கம் உள்ள கிளைக்கும் நீங்கள் கொடுத்த ஆரம்ப நிபந்தனைக்கும் எந்த உறவும் இல்லை. மேலே லெக்ராஞ்சி தேற்றத்தைச் சொன்னபோது ‘ஓர் இடைவெளி முழுக்க’ என்று போட்டது இதற்காகத்தான்.

இனி, எனக்கு நிச்சயமில்லாத அல்லது வெறும் கருத்தாக மட்டும் சொல்லக்கூடிய சில. டிஒய்/டிஎக்ஸ் பின்னமே அல்ல என்று அடித்துச் சொல்வது சரியா? வழக்கமான அடித்தளத்தில் சரி. ஆபிரகாம் ராபின்சன் 1960களில், லைப்னிட்ஸின் மிகச் சிறிய அளவுகளுக்குக் குறையில்லாத தர்க்க அடிப்படை அமைத்துக் காட்டினார். அந்த அமைப்பில் உண்மையான வகுத்தல் ஒன்று நடக்கிறது, வந்த ஈவுக்கு மிக நெருக்கமான மெய்யெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே பின்னமா இல்லையா என்பது எந்த வீட்டுக்குள் நின்று பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. அது நான் ஆராய்ச்சி செய்த துறை அல்ல, அதனால் இதற்கு மேல் அதில் வாய் வைக்கமாட்டேன். முதலாண்டு மாணவருக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதிலும் ஆசிரியர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நான் முதல் வாரம் சங்கிலி விதி வழியாக நீட்டி எழுதச் சொல்லிவிட்டு, இரண்டாவது வாரத்திலிருந்து டிஎக்ஸைத் தூக்கிப்போட அனுமதிக்கிறவன். ஒருமுறையாவது முழுக் கணக்கை எழுதிப் பார்த்த கைக்குச் சுருக்கெழுத்து கெடுதல் செய்வதில்லை. இரண்டு மதிப்பெண் வெட்டியது நியாயமா என்று கேட்டால், கேள்வியில் ‘எல்லாத் தீர்வுகளையும் காண்க’ என்றிருந்தால் நியாயம்; ‘பொதுத்தீர்வு காண்க’ என்று மட்டும் இருந்திருந்தால் நான் வெட்டியிருக்கமாட்டேன், சிவப்பு மையில் அதே கேள்வியை மட்டும் எழுதியிருப்பேன்.

பிரித்துவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. டிஒய்/டிஎக்ஸின் வலப்பக்கத்தில் −எக்ஸ்²இன் அடுக்குக்குறி நின்றால், நாம் பள்ளியில் படித்த சார்புகளைக் கொண்டு அதன் தொகையை எழுதவே முடியாது. முடியாது என்பது நிறுவப்பட்ட விஷயம். அப்போது தொகைக் குறியோடு அப்படியே விட்டுவிடுவதும் விடைதான். இன்னொரு பக்கம், பிரிக்கவே முடியாத சமன்பாட்டைப் பிரிக்கப் பார்த்து அரை மணி நேரம் வீணடிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு சின்னச் சோதனை. வலப்பக்கத்தில் (0,0), (1,1) புள்ளிகளைப் போட்டு வருவதைப் பெருக்குங்கள். (0,1), (1,0) போட்டு வருவதைப் பெருக்குங்கள். எக்ஸ் + ஒய்க்கு முதலாவது 0 × 2 = 0, இரண்டாவது 1 × 1 = 1. சமமில்லை, ஆகவே எஃப் × ஜி வடிவம் நிச்சயமாக இல்லை, பிரிக்க முயலாதீர்கள். எக்ஸ் ஒய் + எக்ஸ் + ஒய் + 1க்கு 1 × 4, 2 × 2, சமம். சமமாக வந்தால் அது சான்று ஆகாது, முயன்று பார்க்கலாம் என்ற நம்பிக்கை மட்டும். இங்கே (எக்ஸ் + 1)(ஒய் + 1) என்று அழகாகப் பிரிகிறது. பிரியாத எக்ஸ் + ஒய்யையும் யூ = எக்ஸ் + ஒய் என்று பெயர் மாற்றினால் டியூ/டிஎக்ஸ் = 1 + யூ ஆகிவிடும், அது பிரியும். மூன்றாமாண்டில் பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டில் இதே ‘மாறிகளைப் பிரித்தல்’ என்ற பெயர் மறுபடி வரும். ஃபூரியே 1822இல் வெளியிட்ட வெப்பக் கடத்தல் நூலில் கையாண்ட வழி அது. அங்கே தீர்வே இரண்டு சார்புகளின் பெருக்கலாக இருக்கும் என்று ஊகித்துத் தொடங்குவார்கள். பெயர் ஒன்று, வேலை வேறு. இப்போதைக்கு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்த தேர்வில் ஒய்² கணக்கு வந்தால் நான் எழுதச் சொல்வது இவ்வளவுதான். முதல் வரி: ஒய் = 0 ஒரு தீர்வு. இரண்டாவது: ஒய் எங்கும் பூச்சியமாகாத இடைவெளியில் ஒய்²ஆல் வகுக்க, −1/ஒய் = எக்ஸ் + மாறிலி. மூன்றாவது: ஆகவே ஒய் = 1/(சி − எக்ஸ்), எக்ஸ் சி-க்கு ஒரே பக்கத்தில் இருக்கும்வரை. வகுப்பதற்கு முன்னால் முதல் வரியை எழுதிவிடுவதுதான் சூட்சுமம், பின்னால் எழுதலாம் என்று வைத்தால் மறந்துபோகும்.

பாட்டில் சோதனையை வீட்டில் செய்தால் முழுக்கக் காலியாவது மட்டும் தாமதமாகும், பயப்படாதீர்கள். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே தண்ணீர் துளையில் ஒட்டிக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் போகும், பரப்பு இழுவிசை டாரிசெல்லி விதிக்குள் இல்லை. அது முடிந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றும் கூம்புப் புனல் ஒன்றை எடுத்து, முனையில் சின்னத் துளை மட்டும் விட்டு அடைத்துப் பாருங்கள். அங்கே உயரம் குறைய குறையப் பரப்பும் சுருங்குவதால், உயரம் குறையும் வேகம் உயரத்தின் ஒன்றரை, அதாவது 3/2 அடுக்குக்குத் தலைகீழ் விகிதம். பிரித்துத் தொகை கண்டு, பாதி நேரத்தில் உயரம் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிடுங்கள். எனக்கு 0.76 பங்கு வந்தது, தண்ணீரின் அளவில் 0.44 பங்கு. உங்களுக்கு என்ன வருகிறது என்று இங்கேயே எழுதுங்கள்.